பெட்டிக்குள் இருப்பதை எழுதி ஒட்டுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிறுவர் தினம், தீபாவளி, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை என்று வரிசையாக வரும் மாதங்களில், ‘சென்சரி கிட்’ எனப்படும் புலனுணர்வு விளையாட்டுப் பெட்டிகள் சிங்கப்பூரின் சமூக மன்றச் சந்தைகளிலும் இணையத்திலும் மும்முரமாக விற்பனையாகின்றன. வண்ண அரிசி, பிசைந்து விளையாடும் மாவு, மணல், சிறு மரக்கரண்டி, விலங்கு பொம்மைகள் ஆகியவற்றைக் கடலடி, காடு, தேக்கா சந்தை என ஏதேனும் ஒரு கருப்பொருளில் தொகுத்து, தொட்டும் முகர்ந்தும் அள்ளிக் கொட்டியும் குழந்தை விளையாடுவதற்காகச் செய்யப்படுபவை இவை. இவற்றுள் பலவற்றைத் தயாரிப்பவர்கள், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் உறங்கிய பின் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெற்றோர். பாலர் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய என் மனைவியும் நானும் அவர்களில் இருவர். பெற்றோர் செய்த பொருள் என்பதற்காகவே எங்களிடம் வாங்குகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கைக்கு ஈடாக, பெட்டிக்குள் இருப்பது என்ன, அது எந்த வயதுக்கு உரியது, எதற்கு அது உதவாது என்பவற்றை எழுத்தில் கொடுக்கும் வழக்கம் இத்தொழிலில் நிலைபெற வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதம்.

இத்தொழிலைத் தொடங்குவது கடினமன்று. வீவக வீட்டில் குடியிருப்போர் சிறு அளவில் வீட்டிலிருந்தே தொழில் செய்யத் தனி அனுமதி பெற வேண்டியதில்லை; விளம்பரப் பலகை வைக்கக்கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரக்கூடாது, சரக்கைக் குவித்து வைக்கக்கூடாது என்பன போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடந்தால் போதும். அடையாள அட்டையில் உள்ள தம் முழுப் பெயரிலேயே தனியாக வியாபாரம் செய்பவர், தொழில்களைப் பதியும் அரசாங்க அமைப்பான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. வேறு பெயர் சூட்டினால்தான் பதிய வேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணைப் பொட்டலம் கட்டச் சொல்வது மட்டும் விதிமீறல் என்பதைப் பலர் அறியாதிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. இந்த எளிமையை நான் குறைகூறவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போக முடியாத தாய்மாருக்கு அது பெரிய உதவி.

ஆனால், தொடங்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதால் பாதுகாப்புச் சட்டமும் நமக்குப் பொருந்தாது என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2011 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு விதிமுறைகள் விளையாட்டுப் பொருள்களுக்கும் பொருந்தும். பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் தரநிலைகள், ஐரோப்பிய, அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலைகள் ஆகியவற்றுள் பொருத்தமான ஒன்றுக்குப் பொருள் இணங்கியிருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றை விற்பதற்கு முன்பே பதிந்து பாதுகாப்பு முத்திரை பெற வேண்டும். பொம்மைக்கு அத்தகைய முன்பதிவு கிடையாது. அதாவது, கடைக்கு வருவதற்கு முன் வேறு எவரும் அதைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கமாட்டார்கள். பார்க்க வேண்டியவர் விற்பவரே.

பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது அளவு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொருள்களைச் சோதிக்க, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்றைப் பன்னாட்டுத் தரநிலைகள் குறிப்பிடுகின்றன. அழுத்தித் திணிக்காமல் அந்த உருளைக்குள் முழுமையாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக்கூடும் என்று கருதப்படுகிறது. உருளை இல்லாத வீட்டில் கழிவறைக் காகிதச் சுருளின் உள்ளட்டைக் குழாயைக் கொண்டு சோதிக்கலாம். அது சற்று அகலமானது என்பதால், அதற்குள் போகாத பொருளைப் பற்றிக் கவலை குறைவு. இப்போது சந்தையில் உள்ள பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பட்டன்கள், மணிகள், சோழிகள், பஞ்சு உருண்டைகள், விரல்நுனி அளவு மீன் பொம்மைகள் என எல்லாம் அந்தக் குழாய்க்குள் போகும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அவை ஏற்றவையாக இருக்கலாம். அதே பெட்டியை ‘ஒன்று முதல் ஆறு வயது வரை’ என்று எழுதி விற்பதுதான் தவறு. வயது வரம்பை அகலமாகப் போட்டால் விற்பனை கூடும் என்ற கணக்கைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, நம் சமையலறையிலிருந்து வரும் பொருள்கள். உண்ணும் பொருள்தானே, வாயில் போட்டால் என்ன என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக உள்ளது. பச்சைப் பயறும் கொண்டைக்கடலையும் மூக்கிலோ காதிலோ நுழைந்துவிட்டால் ஈரத்தில் ஊறிப் பருத்து, எடுக்கக் கடினமாகிவிடும். வேகவைக்காத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். வேகாத கோதுமை மாவில் சால்மொனெல்லா, ஈகோலை போன்ற கிருமிகள் இருக்கலாம் என்பதால் பிசையும் மாவை அடுப்பில் கிளறியே தயாரிக்க வேண்டும். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அரிசி மாவில் தனியாகச் செய்ய வேண்டும். மாவு கெடாதிருக்கச் சேர்க்கும் உப்பின் அளவு அதிகம் என்பதால் அதை நிறைய விழுங்குவதும் நல்லதன்று. வண்ணத்திற்கு மஞ்சள்தூளைப் பயன்படுத்துவோர், எடைபோட்டு விற்கும் தூளைத் தவிர்ப்பது நல்லது. மஞ்சளின் நிறம் தூக்கலாகத் தெரிவதற்காக ஈயக் குரோமேட் கலக்கப்படுவது தெற்காசியாவில் ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. கோலமாவு என்று விற்கப்படுவதும் பல வேளைகளில் அரிசிமாவு அன்று, கல்தூள். காற்றில் பறக்கும் நுண்தூளைச் சிறு பிள்ளையின் முகத்துக்கு அருகில் வைக்கலாகாது.

குன்றிமணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் பாரம்பரிய விளையாட்டுகளை நினைவூட்டும் பெட்டி என்று, பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும் சோழியும் வைப்பது அழகான எண்ணம். சிங்கப்பூரில் பூங்காக்களிலும் பழைய பள்ளி வளாகங்களிலும் சாகா மரத்தடியில் விழுந்து கிடக்கும் சிவப்பு விதைகளைப் பொறுக்காத பிள்ளைப்பருவம் இங்கு வளர்ந்தவர் எவருக்கும் இருந்திராது. தமிழில் மஞ்சாடி அல்லது ஆனைக்குன்றிமணி என்று வழங்குவது அதைத்தான். உடல் முழுதும் சிவப்பாக, சற்றுத் தட்டையாக இருக்கும் அந்த விதையும், சிவப்பு உடலில் கறுப்புக் கண்ணுள்ள குன்றிமணியும் பொற்கொல்லர் பட்டறையில் பொன்னை நிறுக்க எடைகளாகப் பயன்பட்டவை. ஆயினும் குன்றிமணியில் உள்ள ஏப்ரின் மிகக் கொடிய நச்சு. ஓடு உடைய மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பாரம்பரியம் என்ற பெயரில் ஒரு விற்பனையாளர் அனுப்பிய சிறு பொதியில் கறுப்புக் கண்ணுள்ள விதைகளை நான் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்தாலும் அவை விளையாட்டுப் பெட்டிக்குள் போகக்கூடாது.

வெளிநாட்டு இணையத்தளங்களில் மலிவாகக் கிடைக்கும் ‘வாட்டர் பீட்ஸ்’ எனும் நீர்மணிகளையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். கடுகளவில் இருந்து நீரை உறிஞ்சிப் பல மடங்கு பருக்கும் அந்த மணியைக் குழந்தை விழுங்கினால், அது குடலுக்குள் சென்று பெருத்து வழியை அடைத்துவிடும். எக்ஸ்ரே படத்தில் அது பெரும்பாலும் தெரிவதில்லை என்பதால் மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். அமெரிக்காவில் அமேசான், வால்மார்ட், டார்கெட் ஆகிய நிறுவனங்கள் அவற்றைச் சிறுவர்களுக்கென விற்பதை நிறுத்துவதாக 2023 டிசம்பரில் அறிவித்தன. நம் கடைகளில் கிடைக்கும் ஜவ்வரிசியை வேகவைத்துக் குளிர்ந்த நீரில் போட்டால், அதே வழுக்கலும் அதே மினுமினுப்பும் கிடைக்கின்றன. வெந்த ஜவ்வரிசி நம் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால் அதைப் பெட்டியில் அடைத்து விற்க முடியாது. செய்முறையை மட்டும் அட்டையில் அச்சிட்டு, பச்சை ஜவ்வரிசியைப் பெரியவர் கையில் கொடுக்கும் உறையில் வைக்கலாம். விற்பவருக்கு இதில் இலாபம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெயர்பெற்ற கடையில் வாங்கினோம் என்பதும் முழுக் காப்பாகிவிடாது. 2025 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் சிறுவர் கைவினைக்காக விற்கப்பட்ட வண்ண மணல் சிலவற்றில் அஸ்பெஸ்டாஸ் இருப்பது கண்டறியப்பட்டு, அவை திரும்பப் பெறப்பட்டன. அங்கும் நியூசிலாந்திலும் பள்ளிகள் பல துப்புரவுக்காக மூடப்பட்டன. ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியது என்று காட்டப் பொட்டலத்தின்மேல் இடப்படும் சிஇ குறியையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ஐரோப்பிய விதிகளின்படி, பெரும்பாலான பொம்மைகளுக்கு அந்தக் குறியைத் தயாரிப்பாளரே தம் பொறுப்பில் இட்டுக்கொள்கிறார். எங்கு சோதிக்கப்பட்டது, எந்த ஆண்டு, எந்தத் தரநிலையின்கீழ் என்று கேட்டால் அறிக்கையை அனுப்பும் மொத்த வியாபாரியிடம் மட்டும் வாங்குவது என்பதே நாங்கள் கைக்கொள்ளும் முறை. கேட்டபின் பதில் அனுப்பாமல் போனவர்களும் உண்டு. அவர்களுடைய விலைதான் மிகக் குறைவு.

நம் தட்பவெப்பத்தை வெளிநாட்டுச் செய்முறைகள் கணக்கில் கொள்வதில்லை. காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்தத் தீவில், வினிகரும் உணவுச் சாயமும் கலந்து நிறமேற்றிய அரிசியைத் தாளில் பரப்பி ஓர் இரவு விட்டால் அது முழுதாகக் காய்ந்துவிடாது. ஈரம் மிஞ்சிய அரிசியைப் பொட்டலமிட்டால் பூசணம் பிடிக்கும், வண்டு விழும். அதற்காக, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டுவிடுவது இன்னொரு தொல்லை. பையைக் கிழித்து உருண்டைகளைக் கொட்டுவதற்குக் குழந்தைக்கு அதைவிடச் சுவையான பொருள் கிடைக்காது. சட்டியில் குறைந்த சூட்டில் வறட்டி எடுத்து ஆறவிட்டு அடைப்பதே எங்கள் வழி. தயாரித்த நாளும் தூக்கி எறிய வேண்டிய நாளும் பொட்டலத்தில் இருக்க வேண்டும்.

இனிச் செலவைப் பற்றி. வெளிநாட்டுத் தளத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்போது நீங்கள் ஏன் முப்பது வெள்ளிக்கு மேல் கேட்கிறீர்கள் என்பது நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆய்வுக்கூடச் சோதனை என்பது பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில் நடப்பதில்லை. ஈயம், கேட்மியம் போன்றவை கசிகின்றனவா என்பதை ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஏழு வண்ணமும் நான்கு வகைப் பொருளும் உள்ள பெட்டிக்கு அந்தக் கட்டணம், மாதத்தில் சில பெட்டிகள் மட்டுமே விற்கும் ஒரு தாயால் தாங்க முடியாத அளவுக்குப் போய்விடும். அதனால் பலர் சோதனையே செய்வதில்லை. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரே மொத்த வியாபாரியிடம் ஒரே சாயத்தையும் ஒரே மரக்கரண்டியையும் வாங்கும் பலர், அவற்றைச் சேர்ந்து ஒருமுறை சோதித்து அறிக்கையைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு இருந்தால் இச்சிக்கல் பெரும்பாலும் தீரும். சிங்கப்பூர் இந்திய வர்த்தக, தொழிற்சபையோ லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷாவோ இதை முன்னெடுத்து நடத்தலாம் என்பது என் கோரிக்கை. தீபாவளிச் சந்தையில் கடை போடுவோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இத்தகைய ஏற்பாடு செய்தாலே நல்ல தொடக்கமாக அமையும். பொருள் மாறினாலோ வாங்குமிடம் மாறினாலோ பழைய அறிக்கை செல்லாது என்பதை மட்டும் அப்போதே தெளிவுபடுத்திவிட வேண்டும்.

பாதுகாப்பைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வாக்குறுதிகள். ‘ஆட்டிசப் பிள்ளைகளுக்குச் சிறந்தது’, ‘பேச்சு வரவழைக்கும்’, ‘கவனக்குறைவைப் போக்கும்’ என்றெல்லாம் விளம்பரங்களில் எழுதப்படுகிறது. இரண்டு வேறு செய்திகள் இங்கே ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. மணலையும் நீரையும் மாவையும் தொட்டு விளையாடுவது எல்லாக் குழந்தைகளுக்கும் உகந்த விளையாட்டு. பாலர் பள்ளிகளில் அது நெடுங்காலமாக நடந்துவருகிறது. புலனுணர்வு ஒருங்கிணைப்பு என்பது அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ் 1960, 1970களில் உருவாக்கிய கோட்பாடும் அதையொட்டிய சிகிச்சையும் ஆகும். தொடுதலோடு நில்லாமல், உடல் சமநிலை, தசை மூட்டுகளின் அசைவுணர்வு ஆகியவற்றையும் அது கையாளுகிறது. ஊஞ்சலும் சாய்தளமும் உள்ள அறையில், பயிற்சி பெற்ற ஒருவர் அந்தக் குழந்தையைக் கவனித்து அதற்கேற்ப நடத்துவது அது. அந்தச் சிகிச்சையைப் பற்றியே, ஆய்வுச் சான்று குறைவாகத்தான் இருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்றும், மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து அதை ஒரு பகுதியாகக் கொள்ளலாம் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012ல் கூறியது. பயிற்சி பெற்றவர் நடத்தும் சிகிச்சைக்கே இவ்வளவு நிதானம் தேவைப்படும்போது, அரிசியும் கரண்டியும் உள்ள பெட்டிக்கு நாம் எந்தத் துணிவில் வாக்குக் கொடுப்பது?

புலனுணர்வு மாறுபாடு என்பது கற்பனை என்று நான் சொல்லவில்லை. ஒலியையோ தொடுதலையோ தாங்க முடியாமை, அல்லது அவற்றை மிகுதியாக நாடுதல், ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றுள்ளது. எங்களிடம் வாங்கும் பெற்றோரிலும் அத்தகைய பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிசுபிசுப்பான மாவைத் தொட்டதும் அழும் பிள்ளையின் கையைப் பிடித்து அதற்குள் அழுத்துவது கொடுமை. முதலில் கரண்டியைக் கொடுக்க வேண்டும், அல்லது மாவை நெகிழிப் பைக்குள் அடைத்து மேலிருந்து அமுக்கவிட வேண்டும், அதுவும் வேண்டாம் என்றால் உலர்ந்த அரிசியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த அளவு யோசனையை ஓர் அட்டையில் எழுதலாம். பிள்ளையின் பேச்சிலோ நடையிலோ பழக்கத்திலோ ஐயம் இருந்தால் பலதுறை மருந்தகத்திலோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள்; தேவையென்றால் கேகே மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுகளுக்கும் அங்கிருந்து, வளர்ச்சியில் உதவி தேவைப்படும் சிறு பிள்ளைகளுக்கான ‘எப்பிக்’ எனும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்துக்கும் பரிந்துரைப்பார்கள் என்பதையும் அதே அட்டையில் சேர்க்கலாம். சிங்கப்பூரில் தொழில்வழிச் சிகிச்சையாளரும் பேச்சுச் சிகிச்சையாளரும் 2011ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றே பணியாற்ற வேண்டும். அப்படியிருக்க, பதிவு பெறாத நாம் ‘தெரப்பி கிட்’ என்ற பெயரைத் தொட்டுவிடக்கூடாது. காத்திருக்கும் காலத்தில் ஏதாவது செய்துவிடத் துடிக்கும் பெற்றோரின் பதற்றத்தின்மேல் வியாபாரம் நடத்துவது எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின், இந்தப் பெட்டிகள் எதற்குத்தான் என்று வாசகர் கேட்கலாம். 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. அதன்பின் ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்ட பிறகு அந்தக் கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு இது ஒரு விடை. இன்னொன்றும் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. பிள்ளை அரிசியை அள்ளும்போது அருகில் இருப்பவர் அள்ளு, கொட்டு, அளை, சலி, நிரப்பு என்று பேசிக்கொண்டே விளையாடினால், பாடப்புத்தகத்தில் வருவதற்கு வெகு முன்பே அச்சொற்கள் பிள்ளையின் வாயில் வந்துவிடுகின்றன. பெரிய இறக்குமதி நிறுவனம் எதுவும் இதைச் செய்யப்போவதில்லை. சாப்பாட்டு மேசையில் வேலை பார்க்கும் பெற்றோரால் செய்ய முடியும்.

ஆகவே, ஒவ்வொரு பெட்டியின் மூடியின் உட்புறத்திலும் உள்ளங்கை அளவில் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும் என்று இத்தொழிலில் உள்ள அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் பொருள்கள் அனைத்தும், கோதுமை, எள், நிலக்கடலை போன்றவை தொட்ட பாத்திரத்தில் செய்யப்பட்டதா என்ற விவரமும், குறைந்தபட்ச வயதும், தயாரித்த நாளும், சோதிக்கப்பட்டவை எவை, சோதிக்கப்படாதவை எவை என்பதும், பெரியவர் உடனிருக்க வேண்டும் என்ற குறிப்பும், இது சிகிச்சை அன்று என்ற வரியும் அதில் இருக்கட்டும். சந்தைகளை நடத்தும் சமூக மன்றங்கள் இத்தகைய தாள் இருக்கிறதா என்று கடை ஒதுக்கும்போதே கேட்கலாம். அந்தத் தாள் தமிழிலும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பெற்றோர் வேலைக்குப் போன வீட்டில் பெட்டியைத் திறந்து பேரப்பிள்ளையோடு தரையில் உட்காருபவர் பெரும்பாலும் பாட்டி. ஆங்கிலத்தில் மட்டும் அச்சான எச்சரிக்கை அவருக்குப் பயன்படாது. நாங்கள் இரு மொழியிலும் எழுதி ஒட்டும் தாளை, விரும்பும் எவரும் தங்கள் பெயரிலேயே மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தந்தை,
செங்காங்